தரகர் யாருடைய ஆள்?

நெய்வேலி நகரியத்துக்குள் வீட்டுத் தரகர் ஒருவர் தொழில் நடத்திப் பிழைக்க முடியாது. அங்கே விற்க வீடே கிடையாது. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, நேர்நேராகத் தெரு போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம் விட்டுக் கட்டிய குவார்ட்டர்ஸ் அத்தனையும் நிறுவனத்தின் சொத்து. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 2016இல் கழகத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. இத்தனை காலமும் ஊரின் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் சாவி திரும்பப் போக வேண்டும். பதவியும் பணிமூப்பும் பார்த்து ஒதுக்கீடு நடக்கும். விண்ணப்பம் கொடுக்கலாம், சிபாரிசு தேடலாம், முறையிடலாம். பேரம் மட்டும் பேச முடியாது.

இதனால் இந்த ஊரில் ஒரு விசித்திரமான வகை மனிதர் உருவாகிறார். இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரியும், சங்கத் தேர்தலில் நிற்கத் தெரியும், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பத் தெரியும். ஆனால் வில்லங்கச் சான்று எப்படி இருக்கும் என்று பணி ஓய்வுக்கு முந்தைய வருடம்வரை பார்த்திருக்க மாட்டார். சென்னையிலோ மதுரையிலோ முப்பது வயதில் வாடகை வீட்டுக்கு அலைந்தவருக்குத் தரகரின் பேச்சு பழகிப்போயிருக்கும். நெய்வேலிக்காரருக்கு அந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை. வாழ்நாளின் மிகப் பெரிய செலவைச் செய்யும்போதுதான் அவர் முதல் தரகரைச் சந்திக்கிறார். கையில் பி.எஃப். பணமும் பணிக்கொடையும் இருக்கும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு தேதி இருக்கும். இவ்விரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரைவிடச் சுலபமான பார்ட்டி எந்தத் தரகருக்கும் கிடைக்காது.

வியாபாரம் நடப்பதெல்லாம் நகரியத்தின் வேலிக்கு வெளியே. ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்து. விருத்தாசலம் சாலையில் மந்தாரக்குப்பம். தெற்கே வடலூர், குறிஞ்சிப்பாடி. வடக்கே பண்ருட்டி. சாலையோரத்தில் கல் நட்ட மனைகள், வண்ணக்கொடி கட்டிய வளைவு, ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்று எழுதிய தட்டி. கட்டிய வீடு என்றால் டீக்கடையிலோ பத்திர எழுத்தர் ஆபீஸ் வாசலிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் விசாரிக்க வேண்டும். அவருக்கு விசிட்டிங் கார்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொழில் செய்ய அது தேவையில்லை.

அவர் பேசுவதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து கேட்போம். வீடு பார்க்க வந்தவரிடம் சொல்கிறார்: “சார், ஓனர் நாப்பத்திரண்டுல நிக்கிறாரு. நாப்பதுக்குக் கொண்டாரது என் பொறுப்பு. உங்க பட்ஜெட் எவ்வளவுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்.” சார் சொல்லிவிடுகிறார், செட்டில்மெண்ட் பணம் கையில் இருப்பதையும் சேர்த்து. சாயங்காலம் அதே மனிதர் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார்: “அண்ணே, நல்ல பார்ட்டி. என்.எல்.சி. ரிட்டையர்டு, செட்டில்மெண்ட் பணம் அப்படியே கையில இருக்கு. லோன் கீன்னு இழுக்க மாட்டாரு. ரெண்டு கொறச்சீங்கன்னா நாளைக்கே டோக்கன்.”

இரண்டு பேச்சிலும் பொய் இல்லை. விலையைக் குறைக்கிறேன் என்று வாங்குபவரிடம் சொன்னார், குறைக்கவும் முயல்கிறார். நல்ல பார்ட்டி என்று விற்பவரிடம் சொன்னார், அதுவும் உண்மைதான். இரண்டு பேருமே அவரைத் தம் ஆள் என்று நினைக்கிறார்கள். ஆனால் வாங்குபவர் நம்பிச் சொன்ன ஒரு தகவல், தன்னிடம் பணம் ரொக்கமாக இருக்கிறது என்பது, அவர் அறியாமலே எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வாங்குபவரின் ஆளாக இருந்தால் இது நம்பிக்கைத் துரோகம். விற்பவரின் ஆளாக இருந்தால் கடமை. இரண்டும் இல்லையென்றால் வெறும் தொழில்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அந்தத் தரகருக்கு விற்பவர் மனதில் உள்ள தொகையும் தெரியும், வாங்குபவர் மனதில் உள்ள தொகையும் தெரியும். சந்தைக்கு வந்த மற்றவர்களுக்குத் தெரியாது, அந்த இருவருக்கும் ஒருவர் தொகை மற்றவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் தரகர் நிற்கிறார். ஆனால் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அவருக்கும் மாடு தெரியும். வீடு வாங்க வந்த ஓய்வூதியருக்கு மூலப்பத்திரம் படிக்கத் தெரியாது. விலைக்காக வைத்துக்கொண்ட ஒருவரை அவர் தகவலுக்காகவும் நம்ப நேர்கிறது. கோளாறு இங்கே தொடங்குகிறது.

தரகு பொதுவாக ஒரு சதவீதம் அல்லது இரண்டு சதவீதம், பல இடங்களில் இரண்டு பக்கமும். நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தரகருக்கு 1,60,000 ரூபாய். வாங்குபவருக்காக அவர் மன்றாடி இரண்டு லட்சம் குறைத்துக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது 1,52,000. வாங்குபவருக்கு இரண்டு லட்சம் மிச்சம், தரகருக்கு எட்டாயிரம் நட்டம். திருப்பிப் பார்த்தாலும் இதே கதைதான். விற்பவருக்காக இன்னும் ஒரு மாதம் காத்திருந்து இரண்டு லட்சம் ஏற்றிக் கொடுத்தால் தரகருக்கு எட்டாயிரம் கூடும், ஆனால் அந்த ஒரு மாதத்தில் பார்ட்டி கைநழுவினால் ஒன்றரை லட்சமும் போய்விடும். ஆகவே விலை ஏறுவதிலோ இறங்குவதிலோ அவருக்குப் பெரிய அக்கறை இருக்கக் காரணமில்லை. வியாபாரம் முடிய வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும். அவர் யார் பக்கம் என்று கேட்டால், பத்திரப் பதிவின் பக்கம் என்பதுதான் பொருளாதாரம் சொல்லும் பதில்.

இதை அமெரிக்காவில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை அது. வீட்டு ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளரின் வீட்டை விற்கும்போது கிடைப்பதைவிட 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். சொந்த வீட்டைச் சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்தார்கள். அங்கே ஏஜெண்ட் சட்டப்படி விற்பவரின் பிரதிநிதி. உரிமம் உண்டு, எழுத்து ஒப்பந்தம் உண்டு, நடத்தை விதி உண்டு. அப்படியிருந்தும் பிறர் வீட்டுக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. நம் நாற்பது லட்ச வீட்டில் 3.7 சதவீதம் என்பது 1,48,000 ரூபாய்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபை எழுந்த அதே 1872இல் வந்ததுதான் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் பத்தாவது அத்தியாயம் முழுவதும் முகவர் பற்றியது, 182ஆம் பிரிவில் தொடங்கி 238இல் முடிகிறது. ஒருவருக்காகச் செயல்படவோ, மூன்றாம் நபரிடம் அவர் சார்பில் பேசவோ அமர்த்தப்பட்டவர் முகவர். அமர்த்தியவர் முதல்வர். முகவர் முதல்வருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சிக்கலான நேரத்தில் முதல்வரைத் தொடர்புகொண்டு அவர் விருப்பத்தைக் கேட்க முயல வேண்டும். முதல்வருக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தன் சொந்தக் கணக்கில் புகுந்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம். தவறாக நடந்துகொண்ட முகவருக்கு அந்தக் காரியத்துக்கான கூலி கிடையாது.

இதில் 185ஆம் பிரிவு முக்கியம். முகவர் உறவு ஏற்படப் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்கிறது அது. ‘கமிஷன் கொடுப்பவன் நான், ஆகவே அவர் என் ஆள்’ என்று நம் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார் பணம் கொடுத்தார் என்பதோடு கேள்வி முடிவதில்லை, யார் எந்த வேலைக்கு அமர்த்தினார் என்பதுதான் கேள்வி. வீட்டை விற்றுக் கொடு என்று சாவியைக் கொடுத்தவர் விற்பவர். வாங்குபவர் தட்டியைப் பார்த்துப் போன் போட்டவர், அவ்வளவுதான். பின்னால் அவரும் இரண்டு சதவீதம் கொடுத்தார் என்பதால் மட்டும் தரகர் அவர் பிரதிநிதியாகிவிட மாட்டார். பெரும்பாலான வியாபாரத்தில் ஒரு வரிகூட எழுதப்படாததால், வழக்கு என்று வந்தால் பேச்சையும் நடத்தையையும் வைத்துத்தான் நீதிமன்றம் ஊகிக்க வேண்டியிருக்கும்.

எழுதி வைத்த ஒரு கதையும் உண்டு. உச்ச நீதிமன்றம் பிறந்த வருடமான 1950இலேயே அதன் முன் வந்த வழக்கு. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்காரர், தன் வீட்டை விற்றுத் தரச் சொல்லித் தரகருக்குக் கடிதம் கொடுத்தார். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆள் பிடித்தால் ஆயிரம் ரூபாய் கூலி. ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு லட்சத்து ஐயாயிரம்வரை விலை போனால் மேற்கொண்டு கிடைப்பது முழுவதும் தரகருக்கே. அதையும் தாண்டினால் கூடுதலில் கால் பங்கு. தரகர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார், தரகு விஷயத்தில் தகராறு வந்தது. வாங்கத் தயாராக உள்ளவரைக் கொண்டுவந்துவிட்டதால் கூலி உண்டு என்றது நீதிமன்றம். அதோடு இன்னொன்றும் சொன்னது: விற்பனை பற்றிப் பேசவும் ஆள் பிடிக்கவும் அமர்த்தப்பட்ட தரகருக்கு, வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும்படி விற்பனை ஒப்பந்தத்தைத் தானே முடித்துவிடும் அதிகாரம் தானாக வந்துவிடாது.

இந்த இரண்டாவது விஷயத்தை இந்திரா நகர் டீக்கடையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘ஓனர்கிட்ட பேசியாச்சு, முடிஞ்சுபோச்சு’ என்று தரகர் சொல்லி டோக்கன் அட்வான்ஸை வாங்கிக்கொள்கிறார். அந்தப் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போனதா, அவர் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டாரா என்பது தரகரின் வார்த்தையில் தொங்குகிறது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்றால் வாங்குபவர் யாரைப் பிடிப்பது? வீட்டுக்காரரிடம் நேரில் போய், அவர் கையெழுத்திட்ட ரசீதுக்கோ அவர் வங்கிக் கணக்குக்கோ கொடுக்காத டோக்கன் டோக்கனே இல்லை என்று நான் நினைக்கிறேன். தரகர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

கல்கத்தாக் கடிதத்தில் உள்ள ‘மேலே கிடைப்பது உனக்கு’ ஏற்பாடு நம்மிடமும் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. ‘என் கைக்கு முப்பத்தெட்டு வந்தால் போதும், மேலே நீ எவ்வளவு வேண்டுமானாலும் வைத்து விற்றுக்கொள்’ என்கிறார் விற்பவர். சட்டத்தில் இதற்குத் தடையில்லை, விற்பவருக்குத் தெரிந்துதான் நடக்கிறது. ஆனால் வாங்குபவருக்கு அது தெரியாது. அவர் எதிரே உட்கார்ந்து விலை குறைப்பதாகச் சொல்பவரின் சொந்தப் பணத்தைத்தான் அவர் குறைக்கச் சொல்கிறார். முப்பத்தெட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு ரூபாயும் தரகருடையது. அந்த நிமிடம் அவர் தரகராகவே இல்லை, பேரத்தின் எதிர்த்தரப்பு. அதற்குமேல் வாங்குபவரிடமும் இரண்டு சதவீதம் கேட்கிறார் என்றால், அதை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனால் அக்ரிமெண்ட் போட்டுக் கைமாற்றுவது. தரகர் சிறிய அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதக் கெடுவில் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். கெடுவுக்குள் ஆள் பிடித்து, கிரையப் பத்திரத்தை மட்டும் பழைய உரிமையாளரிடமிருந்து நேரே புதியவர் பெயருக்கு எழுதச் செய்வார். பத்திரத்தில் அவர் பெயரே இருக்காது, வித்தியாசம் ரொக்கமாகக் கைமாறும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். ஆயினும் வெள்ளைத்தாள் அக்ரிமெண்டுகள் ஒழிந்துவிட்டன என்று யாராவது சொன்னால் பத்திர எழுத்தர்கள் சிரிப்பார்கள்.

இவர்கள் எல்லாரிலும் யார் பக்கம் என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிபவர் ஒருவர் மட்டுமே. அவர் ‘பவர்’ வாங்கி வைத்திருப்பவர். பொது அதிகாரப் பத்திரத்தில், இன்னாருக்காக இன்னார் என்று எழுதிப் பதிவாகியிருக்கும். அவர் விற்பவரின் முகவர், சந்தேகமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பவர் என்றாலே நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், வாய்வார்த்தைத் தரகரிடம் பயப்படுவதில்லை. பயத்துக்குக் காரணம் உண்டு. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதிகாரமும் அதோடு முடிந்தது. பவரை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறிவிட்டதாக எண்ண முடியாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லிவிட்டது. கிரையப் பத்திரம் வேண்டும். அதைச் சரிபார்த்துவிட்டால், பவர் ஏஜெண்டிடம் வாங்குபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. எதிரே இருப்பவர் எதிர்த்தரப்பு என்று தெரிந்தே பேசலாம், பட்ஜெட்டை உளறிக்கொட்ட மாட்டார்.

‘ரேரா இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களை முதல்முறையாக நாடு முழுவதும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தது. புரோக்கர், மீடியேட்டர், டீலர், எந்தப் பெயரில் இருந்தாலும் ஏஜெண்ட்தான் என்கிறது. பதிவு செய்ய வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், திட்டத்துக்கு இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது, வாங்குபவருக்குச் சேர வேண்டிய தகவலும் ஆவணமும் அவருக்குக் கிடைக்க உதவ வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அந்த மனை அல்லது வீட்டின் விலையில் ஐந்து சதவீதம்வரை ஏறலாம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடமைகள் எல்லாம் ‘திட்டம்’ என்ற சொல்லில் கட்டப்பட்டிருக்கின்றன. ரேராவில் பதிவான மனைப் பிரிவு, பதிவான அடுக்ககம், இவற்றை விற்கும் ஏஜெண்டுக்குத்தான் பதிவு. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும் எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் திட்டப் பதிவே தேவையில்லை. ஐந்நூறு சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் பன்னிரண்டு சென்டுக்குக் கொஞ்சம் மேல். வடலூரில் ஒருவர் பதினைந்து வருடம் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்பது எந்தத் திட்டத்திலும் சேராது. ஓய்வு பெறுபவர் பெரும்பாலும் தேடுவது இந்த மாதிரி வீட்டைத்தான், தண்ணீரும் அக்கம்பக்கமும் பழகிய, உடனே குடிபோகக்கூடிய வீட்டை. சட்டத்தின் வெளிச்சம் சாலையோரக் கொடிக்கம்ப மனைவரை வந்து நின்றுவிடுகிறது.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதித் தருபவருக்கு அரசு உரிமம் உண்டு. இரண்டு தரப்பையும் அங்கே கூட்டிவந்த, அதைவிடப் பல மடங்கு பணம் பார்த்தவருக்கு எதுவும் தேவையில்லை. ஹரியானா 2008இலேயே சொத்துத் தரகர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் மறுவிற்பனைத் தரகர்களுக்கு அப்படி ஒன்று வந்தாலென்ன?

வெளிநாட்டில் இதற்கு இரண்டு வழி தேடினார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் வாங்குபவரைக் காரில் ஏற்றி ஊர்சுற்றிக் காட்டிய ஏஜெண்ட்கூடச் சட்டப்படி விற்பவரின் துணை முகவராகவே கருதப்பட்டார். வாங்குபவருக்கு இது தெரியாது. அவரைத் தன் ஆள் என்று நம்பி, ‘இன்னும் பத்தாயிரம் டாலர் வரை போகலாம்’ என்று காரிலேயே சொல்லிவிடுவார். மத்திய வணிக ஆணையம் 1983இல் வெளியிட்ட அறிக்கை, வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த ஏஜெண்ட் தங்களுக்காகவே வேலை செய்கிறார் என்று நம்பியதைக் காட்டியது. அதன்பிறகுதான் யார் யாருக்குப் பிரதிநிதி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் மாநிலம் மாநிலமாகப் பரவின. வாங்குபவருக்கென்று தனி ஏஜெண்ட் என்ற முறையும் வளர்ந்தது. ஆனால் அவருக்கான கூலி பெரும்பாலும் விற்பவரின் கமிஷனிலிருந்தே பிரிந்து வந்ததால் தகராறு ஓயவில்லை. 2023 அக்டோபரில் மிசௌரியில் ஒரு ஜூரி, கமிஷனை உயர்த்தி வைக்கக் கூட்டுச் சேர்ந்ததாகத் தேசிய ரியல்டர்கள் சங்கத்துக்கும் பெரிய தரகு நிறுவனங்களுக்கும் எதிராக ஏறக்குறைய 180 கோடி டாலர் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், ஏஜெண்டோடு வீடு பார்க்கப் போகுமுன் வாங்குபவர் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், கூலி எவ்வளவு என்பது அதிலேயே இருக்க வேண்டும் என்ற விதி அந்தச் சங்கத்து உறுப்பினர்களுக்கு நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூர் சுற்றி வளைக்கவில்லை. 2010இல் எஸ்டேட் ஏஜெண்டுகள் சட்டம் கொண்டுவந்து, தனி மன்றம் அமைத்து, ஒரே வியாபாரத்தில் ஒரே ஏஜெண்ட் இரண்டு தரப்புக்கும் நிற்பதைத் தடை செய்துவிட்டது. ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் பதிவு எண் உண்டு, யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மறுவிற்பனையில் வியாபாரப் பணத்தை ஏஜெண்ட் கையால் தொடவும் கூடாது. அங்கே வீடு வாங்கிய நம் ஊர்ப் பிள்ளைகள், விடுமுறையில் வந்து அப்பாவுக்கு வடலூரில் வீடு பார்க்கும்போது இதெல்லாம் நினைவில்லாமல் ‘புரோக்கர் அங்கிள்’ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் வேடிக்கை.

சிங்கப்பூர் வழியை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. சின்ன ஊரில் ஒரு தெருவை நன்றாக அறிந்த தரகர் ஒருவரோ இருவரோதான். இரு பக்கமும் தனித்தனி ஆள் வைத்தால் கூலி மொத்தம் கூடும், வியாபாரம் சிக்கலாகும். இரண்டு பக்கமும் ஒருவரே நிற்கட்டும் என்று இருவரும் தெரிந்து ஒப்புக்கொண்டால் நம் சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. தெரிந்து என்பதுதான் இங்கே விடுபட்டுப்போகிறது.

வாங்குபவர் ‘அவர் என் ஆள்தான்’ என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 229ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது. முகவர் அந்த வேலையின்போது தெரிந்துகொண்ட தகவல், முதல்வருக்கே தெரிந்ததாகக் கருதப்படும். வீட்டின் மேல் பங்காளி வழக்கு இருப்பது தரகருக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்குபவரின் முகவர் என்று ஆகிவிட்டால், ‘உங்கள் ஆளுக்குத் தெரியும், ஆகவே உங்களுக்கும் தெரியும்’ என்று விற்பவர் வாதாட ஓர் இடம் கிடைக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை வாங்குபவரிடம் சொல்லும் கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. அதுவும் வாங்குபவருக்குத் தெரியாத குறையைத்தான். யார் யாருடைய முகவர் என்ற கேள்வி கமிஷனோடு நிற்பதில்லை, உரிமைவரைக்கும் போகிறது.

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் இந்த ‘தெரிந்தது, தெரியாதது’ விவகாரத்துக்குத் தனி எடை உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல் வயலுக்குள் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை நாடே பார்த்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்த நிலம் அது என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் போதவில்லை என்று சொன்ன விவசாயிகள் தொடர்ந்து பயிர் செய்து வந்திருந்தார்கள். அந்தச் சண்டையின் நியாயம் வேறு கட்டுரைக்கானது. நிலம் வாங்குபவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் பச்சைப் பயிர், வரப்பில் நிற்கும் விவசாயி, எல்லாம் இருந்தும் பதிவேட்டில் நிலம் வேறொருவருடையதாக இருக்கலாம். சுரங்க விரிவாக்கத்துக்கு எந்தச் சர்வே எண்கள் போகின்றன என்பது இந்தப் பகுதித் தரகருக்குக் காதில் விழாமல் இருக்காது. ஆனால் அதைக் கேட்காமலே சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வாங்குபவர் தரப்பில் எப்போது வருகிறது? அமர்த்தப்பட்டால்தான். அமர்த்தப்படாதவரிடம் நேராகக் கேட்க வேண்டும். கேட்டபின் அவர் பொய் சொன்னால், அது வேறு குற்றம்.

இந்த நிலத்தின் பழைய வியாபாரத்தில் தரகரே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். கிராமங்கள் சுரங்கத்துக்குப் போனபோது வாங்குபவர் அரசு நிறுவனம், எடுத்துக் கொடுத்தவர் அரசு, விலை வைத்தவர் அரசு அதிகாரி. விற்பவருக்கு ‘விற்க மாட்டேன்’ என்று சொல்லும் வழியில்லை. அவருக்காகப் பேச யாரும் அமர்த்தப்படவுமில்லை. அப்படி இடம்பெயர்ந்த குடும்பங்களும் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேறும் குடும்பங்களும் இன்று ஒரே வடலூர் மனைக்கு, ஒரே தரகரிடம் போட்டி போடுகின்றன.

நடைமுறையில் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதல் வீட்டைப் பார்க்க வண்டியில் ஏறுமுன் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த வீட்டை உங்களிடம் விற்கச் சொன்னது யார், அவரிடம் உங்களுக்குக் கமிஷன் உண்டா, விலைக்கு மேலே வைத்து விற்கிறீர்களா? பதில் எதுவாக இருந்தாலும் வியாபாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. விற்பவர் ஆள் என்றால் விற்பவர் ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினால் போதும். அதற்குமேல் தனக்காக ஒருவர் வேண்டும் என்றால், அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். இன்ன பகுதியில் இன்ன தொகைக்குள் வீடு தேடித் தர என்னை அமர்த்தியிருக்கிறார், என் கூலி இவ்வளவு, கிரையப் பதிவன்று தரப்படும், விற்பவரிடம் நான் எதுவும் பெறவில்லை, பெற்றால் இவரிடம் சொல்வேன், சொத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இவரிடம் மறைக்க மாட்டேன். கூலியை வங்கி வழியே கொடுத்து ரசீது வாங்கினால், பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் கையில் ஒரு தாள் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு எந்த ஆணையத்திலும் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது.

பத்திரத்தைப் பார்க்கும் வேலையைத் தரகரிடமும், அவர் கூட்டிவரும் வக்கீலிடமும் விடக் கூடாது. ‘நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு, ஓபீனியன் குடுத்துருவாரு’ என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். தரகர் கூட்டிவந்த வக்கீலுக்கு அடுத்த கேஸும் தரகரிடமிருந்துதான் வர வேண்டும். கடலூரிலோ விருத்தாசலத்திலோ தனக்குத் தெரிந்த, இந்த வியாபாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு வக்கீலுக்குத் தனியாகப் பீஸ் கொடுத்து முப்பது வருட வில்லங்கமும் மூலப்பத்திரமும் பார்க்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, தரகரின் கமிஷனில் ஒரு சிறு பங்கு. நாற்பது லட்ச வீட்டுக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம், 3,60,000 ரூபாய், அரசுக்குக் கட்டத் தயாராக இருக்கும் குடும்பம் இந்தச் செலவில்தான் கை சுருக்குகிறது.

இன்னொன்று, செட்டில்மெண்ட் தொகை எவ்வளவு, குவார்ட்டர்ஸை எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், இந்த இரண்டு விவரத்தையும் பதிவு முடியும்வரை தரகரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வேலை எங்கே, எந்த வட்டத்தில் வீடு என்று கேட்பார். பேச்சு சாதாரணமாகத்தான் தொடங்கும். ‘பிள்ளைகள் முடிவு பண்ணணும், அவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டின் கிணற்றையும் போர்வெல்லையும் பார்க்கப் போய்விடலாம்.